தகுதி பார்த்து வழங்குவது உரிமையாகுமா? தென்னாப்பிரிக்க லிபரல் கட்சியின் வரலாறு

வாக்களிக்கத் தகுதி வேண்டுமா என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. சொத்தும் கல்வியும் உடையோருக்கே வாக்கு என்றிருந்த காலத்தில், 1919இல் சவுத்பரோ குழுவின் முன்பும் 1928இல் சைமன் குழுவின் முன்பும் அண்ணல் அம்பேத்கர் இக்கேள்வியை எதிர்கொண்டார். இதே கேள்வியைச் சந்தித்து, காலப்போக்கில் தன் விடையை மாற்றிக்கொண்ட ஒரு சிறு கட்சியின் வரலாற்றை இங்கே காண்போம்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கொள்கையை முன்வைத்த தேசியக் கட்சி 1953இல் மீண்டும் வென்றது. அதையடுத்து, அதே ஆண்டு மே மாதம் லிபரல் கட்சி தோன்றியது. மார்கரெட் பாலிஞ்சர் அதன் முதல் தலைவர். பின்னாளில் எழுத்தாளர் ஆலன் பேட்டன் அப்பொறுப்பை ஏற்றார். எல்லா இனத்தவரும் உறுப்பினராகலாம் என்பது அதன் அடிப்படை விதி. ஆயினும், தகுதியுடையோருக்கே வாக்கு என்பதுதான் அதன் தொடக்கக் கொள்கையாக இருந்தது. கல்வியையும் சொத்தையும் மறுத்துவிட்டு, அவை இல்லை என்பதையே காரணம் காட்டி வாக்கையும் மறுக்கும் கொள்கை அது.

அம்மாற்றத்திற்குக் களப்பணி வழிவகுத்தது. நேட்டால் மாகாணத்தில் கறுப்பின மக்கள் விலை கொடுத்து வாங்கி, பத்திரமும் வைத்திருந்த நிலங்களைக் ‘கரும்புள்ளிகள்’ என்று அழைத்து, அவர்களை அங்கிருந்து அகற்ற அரசு முனைந்தது. பீட்டர் பிரவுன், எலியட் ம்ங்காடி முதலியோர் அம்மக்களைத் திரட்டினர். கறுப்பின உறுப்பினர்கள் பெருகினர். 1960இல் கட்சி தகுதி நிபந்தனையைக் கைவிட்டு, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற நிலைக்கு வந்தது.

அரசு அக்கட்சியைத் தேர்தலில் அஞ்சவேண்டிய தேவை இருக்கவில்லை. வெள்ளையர் மட்டுமே வாக்களித்த நாடாளுமன்றத் தொகுதி எதிலும் அது வென்றதில்லை. அரசு அஞ்சியது வேறொன்றுக்கு: இனங்கள் ஒரே அமைப்பில் சமமாக அமர்வதற்கு. 1960இன் நெருக்கடிநிலையில் பிரவுன் சிறைப்பட்டார். பேட்டனின் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. முன்னணியினர் பலர்மீது தடையாணைகள் பாய்ந்தன. 1964இல் பிரவுன்மீது பிறப்பிக்கப்பட்ட ஐந்தாண்டுத் தடை, பின்னர் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

இறுதியாக, 1968இல் அரசியல் தலையீட்டுத் தடைச் சட்டம் வந்தது. வெவ்வேறு இனத்தவர் ஒரே கட்சியில் உறுப்பினராவதை அது குற்றமாக்கியது. தகுதிவழி வாக்குரிமையை ஏற்றிருந்த முற்போக்குக் கட்சி, வெள்ளையர் கட்சியாக மட்டும் தொடர்ந்தது. லிபரல் கட்சியோ கறுப்பினத் தோழர்களை வெளியேற்ற மறுத்துத் தன்னைக் கலைத்துக்கொண்டது. அச்சட்டம் 1985இல் நீக்கப்பட்டது. 1994இல் அனைவரும் வாக்களித்தனர்.

இவ்வரலாறு நமக்கு ஏன் தேவை? நம் அரசமைப்பின் 326ஆம் உறுப்பு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்களித்துவிட்டது. ஆனால் ஹரியானாவில் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் கல்வித் தகுதி கோரும் சட்டத்தை, 2015இல் ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தலைமுறைகளாகப் பள்ளி மறுக்கப்பட்ட தலித் பெண்ணிடம் சான்றிதழ் கேட்கும் சட்டம் அது. வாக்களிக்கும் உரிமையில் கைவிடப்பட்ட நிபந்தனை, போட்டியிடும் உரிமையின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அத்தீர்ப்பு மறுஆய்வுக்குரியது என்பதை நாம் தொடர்ந்து வலியுறுத்த வேண்டும்.