மீன் தொட்டிக்குள் பச்சைக் கம்பளம்!

வீட்டுத் தரையில் கம்பளம் விரித்துப் பார்த்து இருப்பீர்கள். தண்ணீருக்கு அடியில் விரித்துப் பார்த்தது உண்டா?

சில மீன் தொட்டிகளில் அதைக் காணலாம். அது நெய்த கம்பளம் அல்ல. வளர்ந்த கம்பளம்!

அந்தச் செடியின் பெயர், குளோசோஸ்டிக்மா. ஆஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும் நீர்க்கரைச் சேற்றில் படரும் சின்னஞ்சிறு செடி. இலையின் நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான். மீன் தொட்டிகளில் இதைப் புகழ்பெறச் செய்தவர், ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954-2015).

நடுவது எப்படி?

தொட்டியின் முன்பக்கம் சத்துள்ள மண்ணைப் பரப்புங்கள். செடியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இடுக்கியால் நடுங்கள். தண்டு மண்ணுக்குள் புதைந்து, இலை மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

வெளிச்சம் தாராளமாக வேண்டும். வெளிச்சம் குறைந்தால், செடி அதைத் தேடி மேலே எழும்பும். கம்பளம் புதர் ஆகிவிடும்! வெளிச்சம் போதுமானால், தரையோடு தரையாகப் படரும். தினமும் 8 மணி நேரம் விளக்கு எரியலாம். அளவு மீறினால் பாசி பிடிக்கும்.

மீன்களுக்கு ஆபத்து!

செடி செழிப்பதற்காக, சிலிண்டரில் இருந்து கரியமில வாயுவைத் தண்ணீருக்குள் செலுத்துவது உண்டு. விளக்கு எரியும்போது, செடி அந்த வாயுவை உணவாக்கிக்கொண்டு, பிராண வாயுவை வெளியிடும். விளக்கு அணைந்தால் அந்த வேலை நின்றுவிடும். மீன்களைப் போலவே செடியும் பிராண வாயுவை இழுத்து, கரியமில வாயுவை விடும்.

அப்போதும் சிலிண்டர் திறந்து இருந்தால்? மீன்கள் மூச்சுத் திணறி, மேலே வந்து வாயைப் பிளக்கும். விடிவதற்குள் செத்தும் போகலாம்!

ஆகவே, விளக்கை அணைக்கும் முன்பே சிலிண்டரை மூடிவிடுங்கள். கம்பளமும் வளரும். மீன்களும் பிழைக்கும்.