முதுமையில் நீரிழிவும் உணவு மாற்றமும்

அறுபது வயதைக் கடந்த ஒருவர் கண் மங்குகிறது என்றோ, காலிற்பட்ட புண் ஆறவில்லை என்றோ மருத்துவரிடம் செல்கிறார். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், நீரிழிவு இருப்பதாகத் தெரிவிக்கிறார். அன்று மாலையே வீட்டில் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. சர்க்கரை டப்பா பரணில் ஏறுகிறது. சோறு இருந்த இடத்தில் சப்பாத்தி வந்து அமர்கிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இஃது ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சுற்றிலும் கோதுமை உண்போர் மிகுந்த ஊரில் வாழ்பவர், அரிசியே தம் நோய்க்குக் காரணம் என்று எண்ணுவது இயல்புதான். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை முதலில் ஆராய்வோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நிகழ்ந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என அது கணக்கிட்டது. வயதுவந்தோரில் 100-க்கு 11.4 பேர் என்பது அதன் சராசரி. சோறு உண்ணும் கோவா, புதுவை, கேரளம் ஆகியவற்றில் இவ்விகிதம் 100-க்கு 25-ஐயும் தாண்டியது. ஆனால் கோதுமை உண்ணும் சண்டிகரில் அது 20-க்கு மேல், தமிழ்நாட்டிலோ 14.4. சண்டிகர் பெரும்பாலும் நகரம், தமிழ்நாட்டின் கணக்கில் கிராமங்களும் சேர்ந்துள்ளன என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் கோதுமை இந்நோய்க்குக் கவசம் அன்று என்பது இதனால் விளங்கும்.

சமையலறைக் கணக்கும் இதையே சொல்கிறது. 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம். அப்படியானால் நான்கு சப்பாத்தி உண்டவர் ஏறக்குறைய 280 கிராம் சோறு உண்டவருக்குச் சமம். அத்துடன் உருளைக்கிழங்குக் கறியும் சேருமானால், அரிசியைத் துறந்த தியாகத்திற்குப் பயன் எதுவும் இல்லை. முழுக் கோதுமை மாவில் நார்ச்சத்தும் புரதமும் சற்று அதிகம் என்பது மெய்யே. அந்த நன்மையை மூன்றாவது சப்பாத்தி விழுங்கிவிடுகிறது. மைதாவில் செய்த ரொட்டிக்கும் ரவை உப்புமாவுக்கும் அந்தச் சிறு நன்மையும் இல்லை. வெல்லம், தேன், பனங்கற்கண்டு ஆகியவற்றை ‘இயற்கையானவை’ என்று கருதிச் சர்க்கரைக்குப் பதில் கொள்வோரும் உளர். இரத்தம் அவற்றிடையே பெரிய வேற்றுமை பாராட்டுவதில்லை.

உண்ட மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதைத் தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் செலுத்தவேண்டும். முதுமையில் தசை குறைகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, இன்சுலினின் ஏவலுக்கு உடல் முன்போல் பணிவதில்லை, கணையமும் களைக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குளுக்கோஸ் இருந்தாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அது நீரிழிவு எனப்படும். வெளிப்படையான அறிகுறி இல்லாதவருக்குச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து உறுதிப்படுத்துவது முறை. நோய் தெரியவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது உடலில் குடிபுகுந்திருக்கக் கூடும். ஆதலால் தெரிந்த உடனேயே விழித்திரையையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும், பாதங்களின் உணர்ச்சியையும் சோதித்துவிட்டு, ஆண்டுதோறும் அதைத் தொடரவேண்டும். பார்வை, சிறுநீரகம், கால் ஆகிய மூன்றுமே இங்கே பணயமாக இருக்கின்றன.

இனி, ‘பத்தியம்’ என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது பேசுவது தகும். நம் நாட்டு வைத்திய மரபில் பத்தியம் என்பது ஒரு கெடுவுக்கு உட்பட்டது. ஒரு மண்டலம் புளி நீக்கி, உப்பு நீக்கி இருந்துவிட்டு, மருந்து முடிந்ததும் பழைய உணவுக்குத் திரும்பிவிடலாம். நீரிழிவுக்கோ முடிவு நாள் குறிப்பதற்கில்லை. நாற்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டினி கிடந்து, சோதனையில் எண் இறங்கியதைக் கண்டு மகிழ்ந்து, பொங்கலன்று எல்லாவற்றையும் கைவிடுகிறவர்கள் பலர். ஆயுள் முழுவதும் தாங்கக்கூடிய உணவு எதுவோ அதுவே இந்நோய்க்கு ஏற்ற உணவு. நாவுக்கு முற்றிலும் அந்நியமான எதுவும் அவ்வாறு தாங்காது என்பது நம் கருத்து.

தமிழர் உணவில் திருத்தம் வேண்டிய இடம் எது? நம் இலையில் சோறு மூன்று முறை விழுகிறது. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று. கூட்டும் பொரியலும் ஓரத்தில் ஒரு கரண்டியாக ஒதுங்கி நிற்கின்றன. இவ்வரிசையை மாற்றினால் போதும். பண்டங்களை நாடு கடத்த வேண்டியதில்லை. முதலில் ஒரு கிண்ணம் நிறையக் காயோ கீரையோ உண்பது; அடுத்துப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என அவரவர் வழக்கப்படி புரதம் கொள்வது; ரசத்தைச் சோறின்றித் தனியே அருந்துவது; இறுதியில் ஒரு சிறு கிண்ணம் தயிர்ச்சோறு. காயும் புரதமும் முன்சென்று, மாவுச்சத்து பின்வருமானால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தயிர்ச்சோறு இன்றி உணவு முடிந்ததாகவே தோன்றாத பெரியவர்களுக்கு இஃது ஆறுதலான செய்தி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளும், தட்டில் ஏறக்குறையப் பாதி காய்கனிகளாக இருக்கவேண்டும் என்றே கூறுகின்றன.

வெளிமாநில வாழ்க்கை இதற்கு இடையூறு என்று பலர் கருதுவர். நாம் அதைத் துணையென்றே சொல்வோம். தில்லியின் குளிர்காலச் சந்தையில் வெந்தயக்கீரையும் பாலக்கும் கட்டுக்கட்டாகக் குவிகின்றன. பதுவா என்று அங்கு விற்கும் கீரையைக் கடைந்தால் நம் கீரைமசியலுக்குக் குறைவில்லை. ‘லௌக்கி’ என்பது நம் சுரைக்காய், ‘தோரி’ பீர்க்கு, ‘கரேலா’ பாகல். ‘மண்டுவா’ என்று உத்தராகண்டத்தார் கொண்டாடும் தானியம் நம் கேழ்வரகே. மும்பையில் சோள மாவில் தட்டிய பாக்ரி எங்கும் கிடைக்கும். கொல்கத்தாத் தெருக்களில் வறுத்த கடலையின் மாவை நீரில் கரைத்து, எலுமிச்சையும் உப்பும் இட்டுத் தருகிறார்கள். அதற்குப் பெயரே ‘சத்து’ என்பது நமக்கு இனிய தற்செயல். (உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.) பச்சைப்பயற்றை அரைத்து வார்க்கும் வடநாட்டுச் ‘சீலா’ நம் அடைக்கு உடன்பிறப்பு. அடையும் அவ்வாறே, அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி அரைத்தால் இட்லியைவிட மேலான சிற்றுண்டி. சிறுதானியம் என்ற பெயரைக் கேட்டதும் அளவை மறப்பதும் தவறு. கேழ்வரகு மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைந்தே ஏறும்.

மருத்துவமனையில் தரும் உணவுப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ரொட்டி இரண்டு, பருப்பு ஒரு கிண்ணம்’ என்று அதில் கண்டிருந்தால், அது அவ்வூரார் உணவை எண்ணி எழுதியது. இரண்டு சப்பாத்திக்கு ஈடாகச் சுமார் 140 கிராம் சோறு உண்ணலாமா என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் தடை சொல்லமாட்டார்கள். மொழி தெரியாத கூச்சத்தால் இக்கேள்வி கேட்கப்படாமலே போகிறது. மகனோ மருமகளோ உடன் சென்று மொழிபெயர்க்கையில், பெரியவரின் கேள்வியைச் சுருக்கிவிடாமல் முழுமையாகவே எடுத்துரைப்பது நலம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர், உணவை மட்டும் திடீரெனக் குறைத்தால் ஆபத்து நேரும். பழைய அளவு சோற்றுக்கு ஏற்ப அளந்து கொடுத்த மருந்து, புதிய அளவு உணவுக்கு மிகையாகிவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளிலும் இன்சுலினிலும் இவ்வச்சம் பெரிது. மெட்பார்மின் மட்டும் கொள்வோருக்கு அரிது. ஏகாதசி, கிருத்திகை விரத நாட்களில் வெறும் வயிற்றில் வழக்கம்போல் மாத்திரையை விழுங்கிவிட்டு மயங்கிவிழும் முதியவர்களை எந்த நகரத்து மருத்துவரும் அறிவார். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி ஆகியன தோன்றும். வயது முதிர்ந்தவருக்கு இவை எதுவுமின்றிப் பேச்சுக் குழறலும் தடுமாற்றமும் மட்டுமே தோன்றக்கூடும். ‘தாத்தாவுக்கு வயதாகிவிட்டது’ என்று வீட்டார் அதனைப் புறக்கணிப்பதுண்டு. அத்தகைய வேளையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தச் செய்து, பதினைந்து நிமிடத்திற்குப் பின் மீண்டும் சோதித்து, சரியானதும் சிறிது உணவு தரவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். உணவை மாற்றப்போவதையும் விரதம் இருக்கப்போவதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்து, மருந்தின் அளவைத் திருத்திக்கொள்வதே முறை.

இதே காரணத்தால் முதியோருக்கு இலக்கும் சற்றுத் தளர்வாகவே வகுக்கப்படுகிறது. எச்பிஏ1சி எண் 7-க்கு அருகில் இருக்கவேண்டும் என்பது நலமாயுள்ள முதியவருக்கு. வேறு பல நோய்களும் உடையவருக்கு 8 வரை இருப்பினும் குற்றமில்லை என்பர். நாற்பது வயது மகனின் எண்ணோடு தம் எண்ணை ஒப்பிட்டு எழுபது வயதுத் தந்தை பட்டினி கிடப்பது வீண். முதுமையில் தசை கரைவது தனிக் கேடு. ஆகையால் சோற்றைக் குறைத்த இடத்தைப் பருப்பும் தயிரும் முட்டையும் நிரப்பவேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையவர் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

எடை மிகுந்தோருக்கு நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்கள் கண்டிப்பான உணவு முறையால் எடையைக் குறைத்தனர். ஓராண்டு முடிவில் அவர்களில் 100-க்கு 46 பேருக்கு மருந்தின்றியே சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழ் நின்றது. அதில் சேர்ந்தவர்கள் 65 வயதுக்கு உட்பட்டோர். மருத்துவக் கண்காணிப்பில் இருந்தோர். எழுபது வயதினர் தாமே இதைப் பின்பற்ற முற்படுதல் கூடாது.

நடையைப் பொறுத்தவரை, வாரத்தில் 150 நிமிடம் என்பது பொதுவிதி. உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பது சர்க்கரையை நன்கு அடக்குகிறது. தில்லியின் மார்கழிப் பனியிலும் புகையிலும் விடியற்காலை நடை வேண்டா. வெயில் ஏறியபின் நடக்கலாம். அன்றேல் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். அக்குளிரில் இன்னோர் இடர் ஒளிந்திருக்கிறது. உணர்ச்சி மங்கிய பாதத்தை மின்கணப்பின் அருகே நீட்டியும், வெந்நீர்ப் பையின்மேல் வைத்தும் உறங்கிவிடும் முதியவர், காலையில் கொப்புளத்தோடு எழுகிறார். கோடையில் கோயிற் பிராகாரத்துக் கல்லும், மும்பை மழையில் நாள் முழுதும் நனைந்த செருப்பும் அதே தீங்கைச் செய்யும். இரவில் பாதத்தை விரல் இடுக்குவரை துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். குனிய இயலாதவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச்சமையல் என்பது நெடுநாள் நடவாது. சமைப்பவர் களைப்பார்; உண்பவர் தாம் வீட்டுக்குப் பாரம் என்று மனம் குன்றுவார். மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ இக்குறை இன்னும் ஆழமாகத் தைக்கும். காய் மிகுந்து, எண்ணெயும் உப்பும் குறைந்த ஒரே சமையலை எல்லோரும் உண்டால் அப்பேச்சுக்கே இடமில்லை. பெற்றோர் வழி வரக்கூடிய நோய் இது. ஆகவே பிள்ளைகளுக்கும் அச்சமையல் தேவையானதே.

ஆண்டுக்கொருமுறை ஊருக்குச் செல்லும் நீண்ட ரயில் பயணத்திற்கும் ஏற்பாடு வேண்டும். தில்லியிலிருந்து சென்னை சேர ஒரு பகலும் ஓர் இரவும் போதா. வண்டி தாமதித்தால் உணவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. உணவு கைக்கு வருமுன் மாத்திரையை விழுங்காதிருப்பது, வறுத்த கடலையும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் மேற்பையிலேயே வைத்திருப்பது, மருந்துகளைப் பெட்டிக்குள் பூட்டாதிருப்பது ஆகியவை முதல் தேவைகள். இன்சுலினைப் பனிக்கட்டியின்மேல் நேரே வைத்தால் அது உறைந்து கெடும். ஈரத் துணி சுற்றிய பெட்டியில், வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும். நோயின் பெயர், மருந்துகளின் பெயர், உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்; நாகபுரிக்கு அப்பால் நள்ளிரவில் மயக்கம் வந்தால், எதிர் இருக்கைக்காரர் அதைப் படித்தே உதவிக்கு வருவார்.