நினைவக அட்டைப் பழுது

நினைவக அட்டைப் பழுது என்பது எண்ணிம ஒளிப்படக் கருவியில் படங்களைச் சேமித்து வைக்கும் நினைவக அட்டை, புதிய படங்களை எழுதவோ எழுதியவற்றைத் திரும்பப் படிக்கவோ இயலாத நிலையை அடைவதைக் குறிக்கும். இவ்வட்டை பேச்சு வழக்கில் மெமரி கார்டு எனப்படுகிறது. "கார்டு போய்விட்டது", "கார்டு கரப்ட் ஆகிவிட்டது" என்று பொதுவாகச் சொல்லப்படுபவை உண்மையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் ஆகும். இவற்றுள் பலவற்றில் படங்கள் அட்டையை விட்டு நீங்குவதில்லை. அவை எங்கே உள்ளன என்ற குறிப்பு மட்டுமே கெட்டுப்போகிறது. பழுது தெரிந்த பின் பதற்றத்தில் செய்யப்படும் செயல்களாலேயே அவை மீட்க இயலாதவாறு அழிவது உண்டு.

மதுரையும் படச் சேமிப்பு ஊடகமும்

மதுரையில் படம் எடுப்போருக்கு ஊடகத்தைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல் புதிதன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த கேப்டன் லின்னேயசு டிரைப் 1858 ஆம் ஆண்டு மதுரையின் கோயிலையும் அரண்மனையையும் படம் பிடித்தார். அக்காலத்தில் கூர்மையான படம் தரும் ஊடகமாகக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு அறிமுகமாகியிருந்தது. ஆனால் தகட்டின் பூச்சு உலர்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் முடித்துவிட வேண்டும். தென்னாட்டு வெயிலில் அது விரைவில் உலர்ந்துவிடும். டிரைப் பெரும்பாலும் மெழுகு தோய்த்த காகித எதிர்ப்படங்களையே பயன்படுத்தினார். காகிதத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். மாட்டு வண்டிப் பயணத்தில் உடையாது. அவருடைய மதுரைப் படங்களின் அச்சுகள் பிரித்தானிய நூலகம் உள்ளிட்ட இடங்களில் இன்றும் உள்ளன. வேகத்தையும் கூர்மையையும் விட, எடுத்த படம் ஊர் வந்து சேருமா என்பதையே அவர் முதலில் கருதினார் எனலாம்.

இன்று காகிதத்தின் இடத்தில் அட்டை உள்ளது. மதுரை மாநகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் அமைந்த பசுமலையை எடுத்துக்கொண்டால், அதைச் சுற்றிய சில கிலோமீட்டருக்குள்ளேயே ஒளிப்படக் கலைஞருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கும் காட்சிகள் பல உள்ளன. தை முதல் நாளில் அவனியாபுரம் சல்லிக்கட்டு நடைபெறும். சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்திற்காகத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் மதுரைக்கு எழுந்தருள்வர். சித்திரை முழுநிலவு நாளில் கள்ளழகர் வைகையில் இறங்குவார். இவற்றில் தவறிய படத்தை மீண்டும் எடுக்க அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை. 2019 இல் எடுத்த படங்களைத் தொலைத்தவர் மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. திருமணப் படங்களுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை.

அட்டை இயங்கும் விதம்

நினைவக அட்டையினுள் பளிச்சு நினைவகம் எனப்படும் ஃபிளாஷ் சில்லும், அதனை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லும் உள்ளன. இன்று பரவலாக உள்ள நேண்ட் வகைப் பளிச்சு நினைவகத்தை ஜப்பானின் தோசிபா நிறுவனத்தில் புச்சியோ மசுவோக்கா தலைமையிலான குழு உருவாக்கி 1987 இல் அறிவித்தது. இதில் ஒவ்வொரு தகவலும், எல்லாப் பக்கமும் மின்காப்பிடப்பட்ட நுண்ணறை ஒன்றில் சிறைப்படுத்தப்பட்ட எதிர்மின்னிகளின் அளவாகச் சேமிக்கப்படுகிறது. மின்சாரம் நின்ற பின்னும் எதிர்மின்னிகள் வெளியேற வழியில்லாததால் படம் நிலைக்கிறது.

எழுதுவதற்கும் அழிப்பதற்கும் அம்மின்காப்பின் ஊடே எதிர்மின்னிகளை உயர் மின்னழுத்தத்தால் செலுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மின்காப்பு சிறிது நலிவடைகிறது. ஓர் அறையில் ஒரே ஒரு துகளைச் (பிட்) சேமிக்கும் பழைய வகை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை தாங்கியது. ஓர் அறையில் மூன்று துகள்களை நெருக்கி வைக்கும் இன்றைய மலிவான வகை, ஓராயிரம் முதல் சில ஆயிரம் முறையே தாங்குகிறது. எனவே கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எழுதாமல் எல்லா அறைகளிலும் சுமையைப் பகிர்ந்தளிக்கிறது. நலிந்த அறைகளை ஒதுக்கி வைக்கிறது. படிக்கும்போது தோன்றும் சிறு பிழைகளைத் திருத்துகிறது. இவையனைத்தும் பயனர் அறியாமலேயே நடப்பதால், அட்டை தேய்ந்துவருவதற்கு முன்னறிவிப்பு எதுவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒரு நாள் திடீரெனப் பழுதானதுபோல் தோன்றும் அட்டை, பல மாதங்களாகத் தன் பிழைகளைத் தானே மூடி மறைத்து வந்ததாக இருக்கலாம்.

இருப்பினும், திருவிழாவுக்குத் திருவிழா படம் எடுப்பவரின் அட்டை எழுதித் தேய்ந்து கெடுவது அரிது. ஓர் அட்டை முழுவதையும் வாரம் ஒருமுறை நிரப்பி அழித்தாலும் ஓராயிரம் சுற்றுகளை எட்ட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகும். இரவு பகலாக எழுதும் கண்காணிப்புக் கருவிகளில்தான் தேய்மானம் முதன்மைக் காரணமாகிறது.

பழுதின் வகைகள்

மிகுதியாகக் காணப்படுவது கோப்பு முறைமைப் பழுது ஆகும். ஒவ்வோர் அட்டையின் தொடக்கத்திலும் எந்தக் கோப்பு எந்த இடத்தில் உள்ளது என்று கூறும் அட்டவணை ஒன்று உண்டு. நூலின் பொருளடக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். கருவி எழுதிக்கொண்டிருக்கும்போது அட்டை உருவப்பட்டாலோ மின்கலம் தீர்ந்தாலோ இவ்வட்டவணை பாதியில் நின்றுவிடும். சல்லிக்கட்டில் காளை வாடிவாசலை விட்டுப் பாயும் நொடியில் தொடர்படங்களாக முப்பது நாற்பது எடுத்தால், விரல் எடுத்த பின்னும் கருவி பல நொடிகள் எழுதிக்கொண்டே இருக்கும். அதைக் காட்டும் சிறு விளக்கு அணையும் முன் அட்டை அறையைத் திறப்பது இப்பழுதுக்கான நேர்வழி. பொருளடக்கம் கிழிந்தாலும் நூலின் பக்கங்கள் அப்படியே இருப்பதால், இவ்வகையில் படங்களை மீட்பது எளிது.

இரண்டாவது, தொடுமுனைக் கோளாறு. எஸ்டி அட்டையின் பின்புறம் உள்ள உலோகப் பட்டைகளில் புழுதியோ வியர்வையோ படிந்தால் கருவி அட்டையை அறியாது. கள்ளழகர் வரும் வழியில் பக்தர்கள் தோல்பைகளில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவர் என்பதால் நனைதலும் இவ்வட்டாரத்திற்குரிய இடர் ஆகும். நனைந்த அட்டை உடனே கெட்டுவிடுவதில்லை. ஈரத்தோடு மின்சாரம் பாயும்போதே அது கெடுகிறது. நிழலில் ஒரு நாள் உலர்த்தி, பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தொட்ட மென்துணியால் துடைத்த பின்னரே செருக வேண்டும்.

எஸ்டி அட்டையின் ஓரத்தில் உள்ள பூட்டுத் தாழ் உடைந்தால் அட்டை எழுத மறுக்கும். இத்தாழ் அட்டையினுள் இருக்கும் எச்சில்லோடும் இணைக்கப்பட்டதன்று. கருவியின் செருகுவாய்தான் அதன் நிலையைத் தடவி அறிகிறது. உடைந்த பள்ளத்தின் மேல் சிறு ஒட்டுநாடாவை ஒட்டினால் அட்டை மீண்டும் எழுதும். இதற்காகப் புது அட்டை வாங்குவோர் பலர்.

கட்டுப்பாட்டுச் சில்லே செயலிழப்பது மிகக் கடினமான வகை. கணினி அட்டையைக் காணவே காணாது, அல்லது அதன் கொள்ளளவைச் சுழியம் என்று காட்டும். இதற்கு வீட்டில் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆய்வகங்களில் நினைவகச் சில்லிலிருந்து நேரடியாகத் தகவலைப் படித்து, கட்டுப்பாட்டுச் சில்லு சிதறடித்து வைத்த துண்டுகளை மீண்டும் கோத்து எடுக்கின்றனர். செலவு அட்டையின் விலையைப்போல் பன்மடங்கு ஆகும்.

வெப்பத்தைப் பற்றியும் கூற வேண்டும். எஸ்டி அட்டைகள் பொதுவாக 85 பாகை செல்சியசு வரை இயங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. மதுரைக் கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டினாலும் அட்டை இயங்கும். ஆனால் வெப்பம் கூடக்கூட அறைகளிலிருந்து எதிர்மின்னிகள் கசிவது விரைவுபடுகிறது. ஆகவே அட்டையை எடுத்துச்செல்லும் கலனாகக் கொள்ளலாமே தவிர, ஆண்டுக்கணக்கில் படங்களை வைத்திருக்கும் பெட்டகமாகக் கொள்ளலாகாது.

பழுதானவுடன் செய்ய வேண்டுவன

முதல் விதி, அவ்வட்டையில் அதன்பின் எதையும் எழுதக் கூடாது என்பதாகும். கருவி "அட்டையை ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும், கணினி "பிழைகளைச் சரிசெய்யவா?" என்று கேட்கும். இரண்டையும் மறுத்துவிட வேண்டும். ஒளிப்படக் கருவிகள் பலவற்றில் ஃபார்மட் செய்வது பொருளடக்கத்தை மட்டும் வெறுமையாக்குவதால், தவறிச் செய்துவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஃபார்மட் செய்த பின் மேலும் படம் எடுப்பதே பழைய படங்களை உண்மையில் அழிக்கிறது. கணினியின் பிழைதிருத்தமும் இடர் மிக்கது. அது அட்டவணை ஒழுங்காக அமைவதை மட்டுமே கருதும், படங்களைக் கருதாது.

அடுத்து, அட்டையை வேறோர் அட்டைப் படிப்பானில் செருகிப் பார்க்க வேண்டும். பழுது அட்டையில் இன்றி, படிப்பானிலோ கருவியின் செருகுவாயில் வளைந்த முள்ளிலோ இருப்பதும் உண்டு.

அட்டை தென்பட்டால், அதன் முழு உள்ளடக்கத்தையும் துகள் விடாமல் ஒரே கோப்பாகக் கணினிக்குப் படியெடுக்க வேண்டும். இதனை வட்டுப் படிமம் என்பர். குனூ டிடிரெசுக்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள், எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வருமாறு எழுதப்பட்டுள்ளது. நலிந்த அட்டை எந்நேரமும் முற்றாக நின்றுவிடலாம் என்பதால் இவ்வரிசை இன்றியமையாதது. மீட்பு முயற்சிகள் யாவும் இப்படிமத்தின் மீதே நடத்தப்பட வேண்டும். முயற்சி தோற்றால் வேறொரு மென்பொருளால் மீண்டும் முயலலாம். அட்டைக்கு ஒன்றும் நேராது.

படிமத்திலிருந்து படங்களைப் பிரிக்கக் கிறிசுடோப் கிரேனியர் எழுதிய போட்டோரெக் என்னும் கட்டற்ற மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. இது அட்டவணையைப் பொருட்படுத்துவதே இல்லை. ஜேபெக் கோப்பு ஒவ்வொன்றும் 255, 216 என்னும் இரு எண்களில் தொடங்கி 255, 217 என்பதில் முடியும். இத்தகைய அடையாளங்களைத் தேடிக் கோப்புகளை இம்மென்பொருள் அறுத்தெடுக்கிறது. கோப்புப் பெயர்கள் தொலைந்துபோகும். படத்தினுள்ளேயே பதிந்துள்ள தேதியும் நேரமும் மீள்வதால் வரிசைப்படுத்த இயலும். ஒரு கோப்பு அட்டையில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் இம்முறை தோற்கும். நிகழ்படங்களை மீட்பது கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மாற்று அட்டையைத் தேர்தல்

கருவி எவ்வகையை ஏற்கும் என்பதை முதலில் அறிய வேண்டும். 1999 இல் பானாசோனிக், சான்டிசுக், தோசிபா ஆகிய நிறுவனங்கள் அறிவித்த எஸ்டி அட்டை 2 ஜிபி வரையும், 2006 இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரையும், 2009 இல் வந்த எஸ்டிஎக்சி 2 டிபி வரையும் கொள்ளும். மூன்றின் வடிவமும் ஒன்றே. எனினும் பழைய கருவி புதிய வகையை ஏற்பதில்லை. மாணவர்கள் வாங்கும் பழைய கருவிகளில் "அட்டை பழுது" என்று காட்டுவது பல வேளைகளில் இப்பொருத்தமின்மையே ஆகும்.

வேகக் குறியீடுகளுள் விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் படிக்கும் வேகம். படம் எடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம். வட்டத்துள் 10 என்பது நொடிக்கு 10 மெகாபைட்டும், வி30 என்பது நொடிக்கு 30 மெகாபைட்டும் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்பதற்கான உறுதி. கருவி கேட்பதை விட மிக வேகமான அட்டைக்குப் பணம் கொடுப்பது வீண்.

நம்பகத்தன்மைக்குப் பெரும் பகை போலி அட்டை ஆகும். சிறு கொள்ளளவு கொண்ட அட்டையின் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியமைத்து, தன்னைப் பேரளவினதாகக் காட்டிக்கொள்ளச் செய்வர். 8 ஜிபி மட்டுமே உள்ள அட்டை 128 ஜிபி என்று காட்டும். முதல் 8 ஜிபி ஒழுங்காக எழுதும். அதற்கு மேல் எழுதுபவை பழையவற்றின் மேல் படியும், அல்லது எங்கும் சேராமல் மறையும். கோப்புப் பட்டியலில் எல்லாப் படங்களும் தெரியும் என்பதால், வீடு திரும்பித் திறக்கும் வரை எவருக்கும் ஐயம் எழாது. சில நூறு உரூபாய்க்கு 2 டிபி அட்டை கிடைப்பதாகச் சொன்னால் அது போலி என்றே கொள்ளலாம். இதற்கு மாறாக, 64 ஜிபி அட்டையைக் கணினி 59.6 என்று காட்டுவது போலிக்கு அடையாளமன்று. தயாரிப்பாளர் ஆயிரங்களிலும் கணினி 1024களிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

உறையை மட்டும் பார்த்துப் போலியைக் கண்டறிவது அரிது. அச்சுத்தரம் இருபுறமும் ஒன்றுபோலவே உள்ளது. இந்தியாவின் 2011 ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, இறக்குமதிப் பொருளின் உறையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். அவை இல்லாத உறையையும், பற்றுச்சீட்டு தர மறுக்கும் கடையையும் தவிர்க்கலாம். இவற்றை விட உறுதியான வழி, அட்டை முழுவதையும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவதாகும். லினக்சில் எஃப்3, விண்டோசில் எச்2டெஸ்ட்டபிள்யூ ஆகிய இலவச மென்பொருட்கள் இதனைச் செய்கின்றன. பெரிய அட்டைக்குச் சில மணி நேரம் ஆகும். உண்மையான அட்டையில் பிறவியிலேயே இருக்கும் குறையும் இச்சோதனையில் வெளிப்படும் என்பதால், எந்த நிறுவனத்தின் அட்டையானாலும் முதற்பயன்பாட்டுக்கு முன் இதனைச் செய்வது தகும்.

நிறுவனப் பெயர் ஓரளவே துணை நிற்கும். நேண்ட் சில்லுகளைத் தாமே வார்ப்போர் சாம்சங், எஸ்கே ஐனிக்சு, கியோக்சியா, மைக்ரான், சான்டிசுக் முதலிய ஒரு சிலரே. மற்றவர்கள் வாங்கி உறையிடுபவர்கள். பெயர்களும் கைமாறும். மைக்ரானிடம் இருந்த லெக்சார் பெயர் 2017 இல் சீனாவின் லாங்சிசு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. தோசிபாவின் நினைவகப் பிரிவு 2019 இல் கியோக்சியா எனப் பெயர் மாறியது. நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் பொதுவாக அட்டைக்கு மாற்று அட்டை தருவதோடு முடிந்துவிடும். உள்ளே இருந்த படங்களுக்கு அது பொருந்தாது.

ஒரே நிகழ்வுக்கு 256 ஜிபி அட்டை ஒன்றா, 64 ஜிபி அட்டைகள் நான்கா என்பது கலைஞர்களிடையே தீராத வாதம். நான்கு வைத்திருந்தால் ஒன்று கெட்டாலும் முக்கால் பங்கு தப்பும். ஆனால் கூட்டத்தில் மாற்றும்போது தொலைவதற்கும், எழுதும்போது உருவப்படுவதற்கும் வாய்ப்பு கூடும். இரு செருகுவாய்கள் உள்ள கருவியில் ஒரே படத்தை இரண்டு அட்டைகளிலும் எழுதச் செய்வது இவ்வாதத்தையே தேவையற்றதாக்குகிறது. திருமணம் எடுப்பவருக்கு இதுவே தக்க ஏற்பாடு. அப்போதும் இரு அட்டைகளும் ஒரே பையில் வீடு திரும்புவது ஒரு குறைதான்.

பழுதான அட்டையை அகற்றுதல்

பழுதான அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போதோ எறியும்போதோ, படிக்க இயலவில்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று கருதக் கூடாது. மேலே கூறிய மீட்பு முறைகள் பிறர் கையிலும் இயங்கும். உத்தரவாதத்திற்கு அனுப்பும் அட்டை இன்னும் எழுதும் நிலையில் இருந்தால், அதன் முழுப் பரப்பிலும் சுழியங்களை எழுதிவிட்டு அனுப்பலாம். எழுதாத அட்டையில் ஒரு குடும்பத்தின் படங்கள் இருந்தால், மாற்று அட்டையைப் பெறுவதை விட அதை அனுப்பாதிருப்பதே மேல். குப்பையில் சேர்ப்பதாயின், நினைவகச் சில்லின் ஊடே செல்லுமாறு அட்டையை நறுக்கிவிட்டு மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும். நறுக்கும்போது உலோகப் பட்டைகளை மட்டும் வெட்டினால் சில்லு முழுதாகவே எஞ்சியிருக்கும்.