பால் மறந்த பதினான்கு நாள்

மக்கள் தொகை ஏறக்குறைய அறுபது லட்சமே உள்ள டென்மார்க் தேசத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் மூன்று கோடிப் பன்றிகள் பிறந்து வளர்கின்றன என்றால், அந்நாட்டுக் குடியானவருடைய கவலைகளிலும், விஞ்ஞானிகளுடைய பரிசோதனைகளிலும், அரசாங்கத்தின் கணக்கேடுகளிலும் அப்பிராணி வகிக்கும் ஸ்தானத்தை நாம் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். அத்தனை பன்றிகளின் ஆயுளிலும் வளர்ப்போர் மிகவும் அஞ்சுகின்ற காலம், குட்டி தாயின் மடியை விட்டுப் பிரிக்கப்பட்டு, தொட்டியிலே கொட்டப்படும் தானியத் தீவனத்தை நம்பி உயிர் வாழத் தொடங்குகிற முதல் இரண்டு வாரமேயாகும். கொழுகொழுவென்று ஓடித் திரிந்த குட்டி, இரண்டொரு நாளில் நீராகக் கழித்து, கண் குழிந்து, மூலையில் முடங்கிச் சாகிற கழிச்சல் நோய் அப்போதுதான் வருகிறது. அந்த இரண்டு வாரத்தைக் கடத்திவிடுவதற்காகத் தீவனத்தில் எதைக் கலப்பது என்ற கேள்வி, சென்ற எழுபது ஆண்டுகளாக ஐரோப்பியப் பன்றி வளர்ப்பை விட்டு நீங்கியதே இல்லை.

பன்றிக்குட்டி பிறக்கும்போது நோயை எதிர்க்கும் புரதங்கள் அதன் குருதியில் அநேகமாக இல்லை. மனித சிசு கருவில் இருக்கும்போதே அவற்றைத் தாயிடமிருந்து பெற்றுவிடுகிறது. பன்றியின் நஞ்சுக்கொடியோ பல அடுக்குத் திசுக்களால் தாயின் குருதியையும் சேயின் குருதியையும் விலக்கி நிறுத்துவதால், அப்பெரிய மூலக்கூறுகள் கடந்து வர வழியில்லை. ஆகவே சீம்பால் ஒன்றே அதற்குக் கதி. அதுவும் பிறந்த ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாளுக்குள் குடித்தாக வேண்டும். பிறகு குடற்சுவர் அப்புரதங்களை உள்ளே விடுவதில்லை. சீம்பாலுக்குப் பின் சுரக்கும் சாதாரணப் பாலும் வெறும் ஆகாரமாக நின்றுவிடாமல், இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் காப்புப் புரதத்தை நாளொன்றுக்கு இருபது தடவையேனும் குடலின் உட்பரப்பிலே பூசிச் செல்கிறது. அப்பாலில் உள்ள சர்க்கரையை இரைப்பையில் வாழும் லாக்டோபாசில்லஸ் கிருமிகள் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குவதால், தானே போதிய அமிலம் சுரக்க இன்னும் திறமை பெறாத அக்குட்டியின் வயிற்றில், தீய கிருமிகள் பிழைக்க முடியாத புளிப்பும் நிலைத்திருக்கிறது.

காட்டிலோ திறந்த வெளியிலோ விடப்பட்டால் தாய்ப்பன்றி தன் குட்டிகளை மூன்று, நான்கு மாதம் வரையில் மெல்ல மெல்லப் பால் மறக்கச் செய்கிறது. பண்ணையிலோ மூன்று நான்கு வாரத்தில், ஆறேழு கிலோ எடையுள்ள பிராயத்தில், ஒரே காலைப்பொழுதில் அக்காரியம் முடிந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 28 நாளைப் பொதுவிதியாக வைத்து, தனிக் கொட்டகை வசதி உள்ளோருக்கு ஒரு வாரத்தைத் தள்ளுபடி செய்கிறது. தாயை இழந்து, புதிய கொட்டகையில் அறியாத குட்டிகளோடு கலந்து, சண்டையிட்டுக் களைத்த குட்டி முதல் நாள் பெரும்பாலும் எதையும் தின்பதில்லை; பட்டினியால் குடலின் உறிஞ்சிகள் சில நாட்களுக்குள் குறுகிப்போகின்றன; பிறகு பசி மேலிட்டு ஒரேயடியாகத் தின்னும்போது, செரிக்காத புரதம் குடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி அங்குள்ள கிருமிகளுக்கு விருந்தாகிறது.

அவ்விருந்துக்கு முதலில் வருவது ஈ.கோலை. எல்லாக் குடல்களிலும் சாதுவாக வாழ்கிற அவ்வினத்தில் சில வகைகள் மாத்திரம் நுண்ணிய மயிரிழைகளால் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு விஷத்தை உமிழ்கின்றன. அப்பற்றிழைகளில் மிகவும் பெயர்பெற்றதான கே88ஐ நோயுற்ற பன்றிகளின் கிருமிகளில் இனங்கண்டு 1961இல் வெளியிட்டவர்களில் முதன்மையானோர், கோபன்ஹேகன் நகரத்துச் சீரம் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஃப்ரிட்ஸ் ஊர்ஸ்கோவ், இடா ஊர்ஸ்கோவ் என்னும் தம்பதிகள். அக்கிருமி சுரக்கும் விஷங்களில் ஒன்று காலரா விஷத்துக்கு நெருங்கிய உறவு. அது குடலின் அணுக்களைக் கெடுப்பதில்லை, உப்பையும் நீரையும் வெளியே தள்ளும்படி அவற்றை ஏவிவிடுகிறது. ஆகவே குட்டி சாவது பெரும்பாலும் நீரிழப்பினாலேயே.

இதற்குப் பரிகாரமாக முதலில் வந்தவை ஆன்டிபயாட்டிக் மருந்துகள். அவை தீவனத்துக்குள் நுழைந்த விதம் ஒரு தற்செயல்: அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டட் என்னும் இருவர் வைட்டமின் பி12ஐத் தேடி, ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, வைட்டமின் கணக்குக்கு அடங்காத வேகத்தில் அவை வளர்வதைக் கண்டார்கள். 1950 முதல் அச்சக்கையும் அதன் வாரிசுகளும் கோழிக்கும் பன்றிக்கும் தினசரி ஆகாரமாயின. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதைக் கண்டு சுவீடன் 1986இலும், பிறகு படிப்படியாக டென்மார்க்கும், 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சிக்காக அவற்றைக் கலப்பதை நிறுத்தின. நிறுத்திய இடங்களில் கொழுக்கும் பன்றிகளுக்குப் பெரிய கேடு நேரவில்லை. பால் மறந்த குட்டிகளுக்கோ கழிச்சல் மிகுந்தது.

அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது துத்தநாக ஆக்சைடு என்னும் வெண்பொடி. டென்மார்க்கின் ஆராய்ச்சியாளர் ஹான டாம்கார்ட் போல்சன் 1980களின் இறுதியில் செய்த பரிசோதனைகள், பால் மறந்த முதல் பதினான்கு நாள் கிலோ தீவனத்துக்கு 2500 மில்லிகிராம் அளவில் துத்தநாகத்தைக் கொடுத்தால் கழிச்சல் வெகுவாக அடங்கும் என்று காட்டின. குட்டியின் சரீரத்துக்கு உண்மையில் தேவையானது ஏறக்குறைய நூறு மில்லிகிராம்தான் என்பதை நினைத்தால், இது ஆகாரத்தின் பெயரால் கொடுக்கப்பட்ட மருந்து என்பது விளங்கும். அது குடலின் அணுக்களிடையே உள்ள பூட்டுகளை இறுக்குகிறது என்றும், கிருமி பற்றுவதைத் தடுக்கிறது என்றும், குடலின் நுண்ணுயிர்க் கூட்டத்தையே மாற்றுகிறது என்றும் பல அபிப்பிராயங்கள் உண்டு; விஞ்ஞானிகள் ஒருமுகப்படவில்லை. காரணம் தீர்மானமாகாவிட்டாலும் விலை மலிவு, பயன் கைமேல் என்பதால், குடியானவர் அதைப் பெருமளவில் கையாண்டனர்.

உண்ட துத்தநாகத்தில் மிகப்பெரும் பங்கு சாணத்தோடு வெளியேறி வயலைச் சேர்ந்தது. உலோகம் மட்குவதில்லை, எருவிட்ட மண்ணில் ஆண்டுக்காண்டு அது கூடிக்கொண்டே போயிற்று. மற்றொரு தீங்கை டென்மார்க் ஆராய்ச்சியாளர்களே கண்டனர்: பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றுகிற, மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியில், அம்மருந்தை மறுக்கும் ஜீனும் துத்தநாகத்தைத் தாங்கும் ஜீனும் ஒரே துண்டில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. அதாவது, ஆன்டிபயாட்டிக்கை ஒழிக்கக் கொண்டுவந்த பொடியே, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியைத் தேர்ந்து வளர்க்கக்கூடியதாயிற்று. 2017 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய ஆணையம் மருந்தளவுத் துத்தநாகத்தின் அனுமதியை விலக்கிக்கொண்டு, ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. 2022 ஜூன் 26ஆம் தேதியோடு அந்த அவகாசம் தீர்ந்தது. இன்று குட்டித் தீவனத்தில் கிலோவுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கக்கூடாது.

இதே காலத்தில் கீழ்த்திசையிலும் ஓர் அதிர்ச்சி உண்டாயிற்று. மனித வைத்தியத்தில் கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கோலிஸ்டின் மருந்தைச் சீனாவில் பன்றித் தீவனத்திலே தாராளமாகக் கலந்து வந்தார்கள். அம்மருந்தை மறுப்பதோடு, ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவவும் வல்ல எம்.சி.ஆர்.-1 என்னும் ஜீன், ஷாங்காய் பண்ணையொன்றின் பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலையில் காணப்பட்ட செய்தி 2015 நவம்பரில் வெளியாயிற்று. சீனா 2017இல் அதைத் தீவனத்திலிருந்து நீக்கியது. நமது மத்திய அரசாங்கமும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தடைசெய்தது.

இனி எஞ்சிய பரிகாரங்களுள் என் மதிப்பில் முதலிடம் பெறத் தக்கவை அமிலங்களே. ஏனெனில் அவை, பாலோடு போய்விட்ட புளிப்பையே குட்டியின் வயிற்றுக்குத் திருப்பித் தருகின்றன. எறும்பிலிருந்து ஆதியில் வடிக்கப்பட்ட ஃபார்மிக் அமிலம், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், நம் வீடுகளில் மாலைதோறும் புகையும் சாம்பிராணியில் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்ட பென்சோயிக் அமிலம் முதலியவை இவ்வகையின. புளித்த இரைப்பையில் அவை பிளவுபடாத மூலக்கூறுகளாகவே இருந்து கிருமியின் தோலை ஊடுருவுகின்றன. உள்ளே சென்றதும் பிளந்து, கிருமியின் உட்புறத்தைப் புளிக்கச் செய்ய, அப்புளிப்பை வெளியேற்றுவதிலேயே அக்கிருமி தன் சக்தி முழுவதையும் செலவிட்டு ஓய்ந்துபோகிறது. புளிப்பிலேயே வாழப் பழகிய லாக்டோபாசில்லஸ்களோ பெரிதும் தப்பிவிடுகின்றன. ஃபார்மிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பு ஒன்றை 2001இல் ஐரோப்பிய ஒன்றியம், ஆன்டிபயாட்டிக் அல்லாத முதல் வளர்ச்சியூக்கியாக அங்கீகரித்தது. பென்சோயிக் அமிலத்தைப் பால் மறந்த குட்டிகளுக்குக் கிலோ தீவனத்துக்கு ஐந்து கிராம் கலக்கிறார்கள்.

ஆனால் அமிலத்தை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் சுண்ணாம்புக்கல் தூளை அள்ளிப் போடும் வழக்கமும் உண்டு. எலும்புக்காகச் சேர்க்கும் அத்தூளும், மிகுந்த புரதமும் அமிலத்தை விழுங்கிவிடுகின்றன. துத்தநாக ஆக்சைடும் அக்குணம் உடையதே. ஆகவே டென்மார்க்கின் தீவனக்காரர்கள் இப்போது சுண்ணாம்பைக் குறைத்து, புரதத்தையும் நூற்றுக்கு இருபதிலிருந்து பதினேழு பதினெட்டாக இறக்கி, குறைந்ததை ஈடுசெய்ய லைசின், திரியோனின் போன்ற அமினோ அமிலங்களைத் தனித்தனியே அளந்து சேர்க்கிறார்கள். கூட்டியதைக் காட்டிலும் குறைத்ததனாலேயே விளைந்த நன்மை இது. விற்பனையாளருடைய விளம்பரத்தில் இதற்கு இடம் கிடைப்பது துர்லபம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். உயிருள்ள நற்கிருமிகளில் பாசில்லஸ் வகை, விதைபோன்ற உறைநிலையில் இருப்பதால் தீவனத்தை உருண்டையாக்கும் இயந்திரத்தின் சூட்டைத் தாங்குகிறது. லாக்டோபாசில்லஸ் அங்கேயே மாண்டுவிடுகிறது. கே88 தடுப்பூசி போட்ட கோழியின் முட்டைக் கருவிலிருந்து எதிர்ப்புப் புரதத்தை எடுத்துக் கொடுப்பது அழகான யோசனை; பலன் பண்ணைக்குப் பண்ணை மாறுகிறது. தைம், ஆரிகானோ என்னும் மூலிகைகளின் தைலமும் விற்கிறார்கள். தைமில் சிறந்து நிற்கும் தைமால் என்ற சரக்கு நம் ஓமத்திலும் உள்ளதுதான், ஆனால் பாட்டி கொடுத்த ஓமத்தண்ணீரிடம் எதிர்பார்த்ததைவிட அதிகம் இத்தைலத்திடம் எதிர்பார்க்கலாகாது என்றே பரிசோதனைகளின் முரண்பட்ட முடிவுகள் எண்ணச் செய்கின்றன.

தீவனத்துக்கு வெளியிலும் ஒரு வழி திறந்திருக்கிறது. 1970களின் நடுவில் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தார், சில பன்றிகளின் குடலில் கே88 பற்றுவதற்கான கொழுகொம்பே இல்லை என்றும், அக்குணம் பரம்பரையாக வருவது என்றும் கண்டனர். அதை அறியும் ஜீன் சோதனை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கைகூடியதும், டென்மார்க்கின் இனவிருத்தித் திட்டம் அக்குணமுள்ள ஆண்பன்றிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. ஆயினும் எஃப்18 என்னும் வேறு பற்றிழை உடைய கிருமிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது.

இதே இனவிருத்தியின் சாமர்த்தியம் மறுபுறம் தாய்க்குப் பாரமாகவும் முடிந்திருக்கிறது. பதினாலு பதினாறு காம்பு உள்ள பன்றி அதற்கு மேற்பட்ட குட்டிகளை ஈனும்படி தேர்ந்தெடுக்கப்பட்டதால், மிகுந்தவற்றுக்குச் செவிலித்தாய்ப் பன்றிகளை ஏற்பாடு செய்கிறார்கள். மெலிந்த குட்டிகள் மெலிந்தபடியே பால் மறக்கின்றன. துத்தநாகம் நின்ற பிறகு டென்மார்க்கில் குட்டிகளுக்கான நியோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கின் உபயோகம் ஏறியதில் ஆச்சரியம் இல்லை. பொடியை மாற்றினார்களே தவிர, பிரிக்கும் நாளை மாற்றப் பெரும்பாலோர் துணியவில்லை. தாய் கூடுதலாகப் பால் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த ஈற்றை ஒரு நாள் தள்ளிப்போடுவதே அதற்குக் காரணம். ஐரோப்பாவின் இயற்கை வேளாண்மை விதி மாத்திரம் குறைந்தது நாற்பது நாள் தாயிடம் விடச் சொல்கிறது. அவ்விதிக்கு உட்பட்ட பண்ணைகளில் ஒரு பன்றி ஆண்டுக்கு ஈனும் குட்டிகளின் தொகை குறைவு, இறைச்சியின் விலை கூடுதல், வாங்குவோரும் சிலரே.