எடையைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம்

கடந்த வருடம் ஒரு ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலில் முதன்முறையாகக் கதிரையில் இருந்து தொழுதேன். எனக்கு வயது 46. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் வாப்பாவின் கூட்டாளி, எழுபதைத் தாண்டியவர். சலாம் கொடுத்துவிட்டு என் முழங்காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அப்போது என் நிறை 92 கிலோ. உயரம் 167 சென்ரிமீற்றர். அதே மாதம் செய்த இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கோட்டில் நின்றது. சீனி வருத்தம் வாப்பாவின் கால் விரல்களைப் பறித்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான். அதனால் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் 'டயட்' தொடங்கியது அது முதல் தடவையல்ல. ஒருமுறை ஜனவரி முதலாம் திகதி, ஒருமுறை நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம், இன்னொருமுறை வட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் பார்த்த அன்றிரவே. ஒன்றாவது மூன்று வாரத்தைத் தாண்டவில்லை. எனக்கு மனஉறுதி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், மூன்று தடவையும் எந்த ஆயத்தமும் இல்லாமல் இறங்கியிருக்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர் விமான நிலையத்துக்குப் போன பிறகா பாஸ்போட்டைத் தேடுவார்? நாலாவது தடவை, ஒரு பிடி சோறும் குறைக்காமல், இரண்டு வாரத்தை ஆயத்தத்துக்கு ஒதுக்கினேன். அதில் செய்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வைத்தியரிடம்

சீனிக்கு இன்சுலின் ஊசி போடுபவர்களும் சில வகைக் குளிசைகள் பாவிப்பவர்களும் சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். பிரஷர், இருதய நோய், தைரொயிட் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. 35 வயதைத் தாண்டியவர்களின் நிறை, பிரஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்' பல அரச வைத்தியசாலைகளில் உண்டு. நம்மில் பலர் அதன் வாசலையும் மிதித்ததில்லை.

ஒரு தையல் நாடாவால் வயிற்றின் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். ஆசியர்களுக்கு, ஆண்களில் 90 சென்ரிமீற்றரையும் பெண்களில் 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பதே பொதுவான அளவு. தராசு அசையாத வாரங்களிலும் நாடா சில நேரம் நல்ல செய்தி சொல்லும்.

ஏழு நாள் கொப்பி

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது இதுதான். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வாயில் போட்ட அத்தனையையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதினேன்: என்ன, எத்தனை மணிக்கு, யாரோடு, பசித்ததா இல்லையா.

பகல் சோறுதான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். கொப்பி வேறு கதை சொன்னது. ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு 5 கிராம் என்றாலும் 60 கிராம். அதாவது 240 கலோரி. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவர் இப்படிச் சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். என் தேத்தண்ணி மட்டுமே அதைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் பத்து மணிக்கு ரோல்ஸ், அஸருக்குப் பிறகு கட்லட், இஷாவுக்குப் பிறகு பிள்ளைகளின் பீங்கானில் மிஞ்சிய பராட்டா. இதில் பாதி நேரம் "பசி இல்லை" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

உங்கள் கொப்பி வேறு கதை சொல்லலாம். அதனால்தான் இன்னொருவரின் உணவு அட்டவணையைப் பிரதி பண்ணுவது பலருக்குச் சரிவருவதில்லை.

வீட்டில் பேசுங்கள்

முந்திய மூன்று தடவையும் இதை நான் செய்யவில்லை. மனைவி ஆக்கி வைத்ததை "வேண்டாம்" என்று தள்ளினேன். அவருக்கு மனம் நொந்தது. இந்தத் தடவை கொப்பியைக் காட்டினேன். "இத முன்னமே செல்லியிருந்தா நான் வேற மாதிரி ஆக்கியிருப்பேனே" என்றார். இரவில் சோறு பாதி, மரக்கறி இரண்டு, பொரித்த கோழிக்குப் பதில் மீன் ஆணம் என்று அவரே திட்டம் போட்டார்.

எடை குறைக்க வேண்டியவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் கஷ்டம். எல்லோருக்கும் ஆக்கிவிட்டு, மிஞ்சியதை வீணாக்காமல் சாப்பிடுபவர் அவர்தான். அவர் நடக்கப் போகும் அரை மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கணவனின் பங்கு.

விருந்துக்கு முன்பே முடிவு

கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர் இருக்கும்போது எவ்வளவு சாப்பிட்டோம் என்ற கணக்கே தெரியாது. அங்கு போய் யோசித்தால் நேரம் பிந்திவிடும். "என் பக்கத்துச் சோறு, ஒரு துண்டு இறைச்சி, வட்டிலாப்பம் இரண்டு கரண்டி, சோடா இல்லை" என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போவேன். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு என்ற நபிமொழியைக் குத்பாக்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். சஹனில் கை வைக்கும்போதுதான் அது மறந்துபோகிறது.

சின்ன இலக்கு

முன்பெல்லாம் "மூன்று மாதத்தில் 25 கிலோ" என்று எழுதிச் சுவரில் ஒட்டுவேன். சீனி எல்லைக்கோட்டில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றின் இலக்கு, நிறையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சியும்தான். அந்த முறையில் சேர்ந்தவர்களிடம் நீரிழிவு உருவாவது 58 சதவீதம் குறைந்தது. 92 கிலோவில் 7 சதவீதம் ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாரத்துக்கு அரைக் கிலோ என்றால் மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூட. இது என்னால் முடியும் என்று தோன்றியது.

சறுக்கும் நாளுக்கும் முன்பே ஒரு விதி எழுதினேன்: ஒரு வேளை கூடிவிட்டால் அடுத்த வேளையிலேயே திரும்ப வேண்டும், திங்கட்கிழமை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒன்பது மாதம் கழித்து இன்று 84 கிலோ. சீனி எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. நீண்ட தொழுகைக்கு இன்னும் கதிரை தேவைப்படுகிறது. பர்ளுத் தொழுகைகளை ஸப்பில் நின்று, நெற்றி நிலத்தில் பட, தொழுகிறேன். நீங்களும் தொடங்க நினைத்திருந்தால் இன்றிரவே சோற்றைக் குறைக்க வேண்டாம். ஒரு கொப்பியும் தையல் நாடாவும் எடுத்து வையுங்கள்.