சால்மனுக்குக் குளிர்ந்த நீர்

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் அதே ஆற்றுக்குத் திரும்பும் மீன் சால்மன் என்பதை விலங்கியல் மாணவர் அனைவரும் அறிவர். அது திரும்பி வரும்போது ஆறு குளிர்ச்சியாக இருக்கிறதா என்ற கேள்வியை நாம் எழுப்புவதில்லை. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஆற்றில் நுழைந்ததும் சால்மன் இரை உண்பதை நிறுத்திவிடும். கடலில் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ரெட்ஃபிஷ் ஏரியை அடைய, சாக்கை என்னும் சால்மன் இனம் கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளின் வழியே ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர் எதிர்நீச்சலிட வேண்டும். நீர் சூடேறினால் மீனின் உடலும் சூடேறும். கட்டுச்சோறு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். மூச்சுக்கும் முட்டுப்பாடு. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் 11.3 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 20 டிகிரியில் 9.1 ஆகக் குறைகிறது. தேவை கூடும் வேளையில் வரவு குறைவதைக் கவனியுங்கள்! 20 டிகிரிக்கு மேல் நோய்களும் பெருகும். 2015-ஆம் ஆண்டுக் கோடையில் கொலம்பியாவிலும் துணையாறுகளிலும் சுமார் 2,50,000 சாக்கை மீன்கள் மடிந்தன.

ஓடும் நீரை அணைகள் தேக்கி வெயிலில் காயவைப்பது இதற்கு ஒரு காரணம். விந்தை என்னவெனில், மருந்தும் ஓர் அணையிலிருந்தே வருகிறது. துணையாறு ஒன்றிலுள்ள டுவார்ஷாக் அணையின் நீர்த்தேக்கம் மிக ஆழமானது. மேற்பரப்பில் வெந்நீர், அடியில் குளிர்நீர். கோடையில் அடிநீரைத் திறந்துவிட்டு, கீழே ஸ்னேக் ஆற்றின் லோயர் கிரானைட் அணையருகே நீர் 20 டிகிரியைத் தாண்டாமல் காக்க முயல்கின்றனர். ஆயினும் அதற்குக் கீழே செல்லச் செல்ல இக்குளிர்ச்சி கரைந்து போகிறது. கொலம்பியா ஆற்றைக் குளிர்விக்க இது போதாது.

அணையைத் தாண்ட அமைத்த மீன் ஏணியிலும் ஒரு சிக்கல். ஏணிக்கு வருவது மேற்பரப்பின் வெந்நீர். அடியில் நிற்கும் மீன் அதில் ஏறத் தயங்குகிறது. எனவே லோயர் கிரானைட்டில் ஆழத்து நீரை இறைத்து ஏணியில் விட ஏற்பாடு செய்தனர். எனக்கு இது மிகவும் பிடித்த பொறியியல்; மீனின் தோல் உணர்வதை மனிதன் கணக்கில் எடுத்துக்கொண்டான் அல்லவா?

1992-இல் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பியது ஒரே ஒரு சாக்கை. 2015-இல் எஞ்சியவற்றில் சிலவற்றை லோயர் கிரானைட் அணையிலேயே பிடித்து, லாரியில் ஏற்றி மீன்பண்ணைக்குக் கொண்டு சென்றனர்.