லிங்க்ட்இன் சுயவிவரம்: பணி வாழ்வின் பேரேடு

வைப்புத்தொகை, காப்பீடு, பரஸ்பர நிதி எனச் சேமிப்பைப் பெருக்கும் வழிகளைப் பற்றியே வங்கியில் நாம் பெரும்பாலும் பேசுகிறோம். ஆனால், மாதச் சம்பளத்தைக் கொண்டு வாழும் குடும்பத்தின் மிகப் பெரிய சொத்து, அக்குடும்பத்தில் சம்பாதிப்பவரின் பணித்திறனே ஆகும். 20 ஆண்டுத் தவணையில் வீட்டுக்கடன் பெறும் ஒருவர், அந்த 20 ஆண்டுகளும் தமக்கு வருமானம் தொடரும் என்ற நம்பிக்கையில்தான் கையெழுத்திடுகிறார். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நாங்களும் அதையே முதலில் பார்க்கிறோம். அந்த வருமானத்தைக் காக்கவும் வளர்க்கவும் இன்று உதவும் ஒரு கருவியைப் பற்றியும், அதே கருவியின் வழியாக நம் சேமிப்புக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

லிங்க்ட்இன் தளம் 2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று அத்தளத்தின் உறுப்பினர் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா உள்ளது. இங்கு மட்டும் 10 கோடிக்கு மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். பலர் இதனை மற்றொரு சமூக ஊடகமாகக் கருதி, ஒரு புகைப்படத்தையும் பதவிப் பெயரையும் இட்டுவிட்டு மறந்துவிடுகின்றனர். ஆள் தேடும் நிறுவனங்களோ இதனை ஒரு பெரும் பதிவேடாகவே பயன்படுத்துகின்றன. பதவி, திறன், ஊர் ஆகிய சொற்களை இட்டுத் தேடுகின்றன. அச்சொற்கள் நம் சுயவிவரத்தில் இல்லையெனில், நாம் எவ்வளவு திறமை உடையவராயினும் அத்தேடலில் அகப்படமாட்டோம்.

முதல் வரியின் முக்கியத்துவம்

சுயவிவரத்தில் பெயருக்குக் கீழே ஒரு தலைப்பு வரி இடம்பெறும். நாம் எதுவும் எழுதாவிட்டால், தற்போதைய பதவியும் நிறுவனத்தின் பெயரும் தாமாகவே அங்கு அமர்ந்துவிடும். தேடுபவர் கண்ணில் முதலில் படுவது இவ்வரியே. இதற்கு 220 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். புனேயில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் ஒருவர் பணிபுரிகிறார். 'கணக்கு நிர்வாகி' என்று மட்டும் எழுதினால், அப்பெயரில் நாடெங்கும் உள்ள பல்லாயிரம் பேருள் அவரும் ஒருவராகிவிடுவார். 'உற்பத்தித் துறைக் கணக்குகள், ஜி.எஸ்.டி. தாக்கல், டாலி, வங்கிச் சரிகட்டல். 8 ஆண்டு அனுபவம்' என்று எழுதினால், அவர் எவ்வேலைக்கு உரியவர் என்பது ஒரு நொடியில் விளங்கும். இவ்விவரங்களை நிறுவனங்கள் தேடும் ஆங்கிலச் சொற்களிலேயே எழுதுவது நடைமுறைக்கு உகந்தது.

அனுபவப் பகுதியிலும் இதே நெறி பொருந்தும். 'கணக்குகளைப் பராமரித்தேன்' என்பதனால் எவருக்கும் எதுவும் தெரியவராது. எத்தனை கிளைகளின் கணக்கு, மாத முடிவுக் கணக்கை எத்தனை நாளில் முடித்தார், தணிக்கையில் அவருடைய பங்கு யாது என்பனவே மதிப்புடையவை. ஆனால் ஓர் எல்லை உண்டு. நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர்கள், வெளியிடப்படாத விற்பனைத் தொகைகள் போன்றவை நமக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றைப் பொதுவெளியில் எழுதலாகாது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சான்று

வணிகவியல் படித்தோர் அனைவரும் அறிந்த விதி ஒன்று உண்டு: சான்றுச்சீட்டு இல்லாமல் பேரேட்டில் பதிவு இல்லை. சுயவிவரத்துக்கும் அவ்விதியே பொருந்தும். நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் பிறர் சரிபார்க்க இயலும் என்ற எண்ணத்துடனேயே எழுத வேண்டும்.

குறிப்பாக, பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றில் கவனம் தேவை. வருங்கால வைப்புநிதி உறுப்பினர்களுக்கு 2014 முதல் 12 இலக்கப் பொதுக் கணக்கு எண் வழங்கப்படுகிறது. யு.ஏ.என். என நாம் அறிந்த இந்த எண்ணின் கீழ், ஒருவர் எந்நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற விவரம் பதிவாகியுள்ளது. புதிதாக ஆளெடுக்கும் நிறுவனங்கள் பல, இந்தப் பணி வரலாற்றைக் கேட்டுப் பெற்று ஒப்பிடுகின்றன. இடையே வேலையின்றி இருந்த 6 மாதங்களை மறைப்பதற்காகத் தேதியை நீட்டி எழுதியவர், நேர்முகத் தேர்வில் வென்ற பின்னரும் இவ்வொப்பீட்டில் வேலையை இழக்க நேரிடும். அந்த 6 மாத இடைவெளி உண்மையில் எவரும் பெரிதுபடுத்தாத ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

குழந்தை வளர்ப்பு, பெற்றோரின் நோய், மேற்படிப்பு முதலிய காரணங்களால் பணியிலிருந்து விலகியிருந்தோர் அதனைத் தயங்காமல் குறிப்பிடலாம். இதற்கெனத் தனிப் பகுதியை லிங்க்ட்இன் 2022இல் ஏற்படுத்தியது. மீண்டும் பணிக்குத் திரும்ப விரும்பும் பெண்களுக்கு இது பெரிதும் பயன்படும்.

நம் வைப்புநிதிப் பதிவில் விலகிய நாள் விடுபட்டிருந்தாலோ பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலோ, வேலை தேடும் முன்பே திருத்திக்கொள்வது நன்று. தளத்தில் நம் அடையாளத்தை டிஜிலாக்கர் வழியாகச் சரிபார்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. இதனை லிங்க்ட்இன் செயலியின் உள்ளே நாமே தொடங்க வேண்டும். 'சரிபார்த்துத் தருகிறோம்' என்று தொலைபேசியில் அழைத்து எவரேனும் ஓ.டி.பி. கேட்டால், அது மோசடியே.

தூரத்து அறிமுகங்களின் பயன்

நெருங்கிய நண்பர்களே வேலை கிடைக்க உதவுவர் என்பது பொதுவான நம்பிக்கை. மார்க் கிரானொவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதனை மாற்றிக் காட்டியது. நெருங்கியவர்கள் நம் வட்டத்திலேயே உழல்வதால், நமக்குத் தெரிந்த செய்திகளே அவர்களுக்கும் தெரியும். ஓரளவே பழகியவர்கள் வேறு வட்டங்களிலிருந்து புதிய செய்திகளைக் கொண்டுவருவர் என்பது அவருடைய கருத்து. லிங்க்ட்இன் உறுப்பினர் 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. மிக நெருங்கியவரும் அல்லாத, முற்றிலும் அந்நியரும் அல்லாத இடைநிலை அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் உதவுவதாக அது கண்டது.

எனவே, முன்பு ஒரே அலுவலகத்தில் பணியாற்றியவர், கல்லூரியில் ஒரே ஆண்டில் வேறு பிரிவில் பயின்றவர், தணிக்கைக்கு வந்து சென்றவர் ஆகியோருடன் தொடர்பைப் புதுப்பித்துக்கொள்வோம். அழைப்பு அனுப்பும்போது, எங்கே அறிமுகம் என்பதை இரு வரியில் நினைவூட்டுவது மரியாதை. முதல் செய்தியிலேயே வேலை கேட்பதைவிட, அவர் பணிபுரியும் துறையைப் பற்றி ஒரு தெளிவான கேள்வி கேட்பது நல்ல பலன் தரும். முன்னாள் மேலதிகாரி ஒருவர் நம் பணியைப் பற்றி எழுதித்தரும் நான்கு வரிப் பரிந்துரை, முன்பின் அறியாதோர் பலர் அளிக்கும் திறன் ஒப்புதல்களைவிட எடை மிக்கது.

வேலையில் இருந்துகொண்டே வேறு வாய்ப்பைத் தேடுவோர், அவ்விருப்பத்தை ஆளெடுப்போருக்கு மட்டும் தெரியுமாறு அமைத்துக்கொள்ளலாம். தற்போதைய நிறுவனத்தின் ஆளெடுப்போர் கண்ணில் படாமலிருக்கத் தளம் முயன்றாலும், முழு உத்தரவாதம் அளிப்பதில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பணம் கேட்டால் அது வேலையன்று

நம் திறனை நல்ல நிறுவனங்கள் காணும் அதே பக்கத்தை மோசடிக்காரர்களும் காண்கின்றனர். வேலை தேடுபவர் யார், அவர் எத்துறையில் உள்ளவர், எவ்வளவு காலமாகத் தேடுகிறார் என்பவற்றை நாமே எழுதிவைத்திருக்கிறோம். ஆதலால், அவர்கள் அனுப்பும் செய்தி நமக்கெனவே தைத்த சட்டையைப் போலப் பொருந்தி வருகிறது. பெரிய நிறுவனத்தின் பெயர், தொலைபேசியில் பத்து நிமிட நேர்முகம், மறுநாளே நியமனக் கடிதம், அதன்பின் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்குத் 'திரும்பத்தரும்' வைப்புத்தொகை எனப் படிப்படியாகப் பணம் கேட்கப்படும். வேலையிழந்து, தவணை நாள் நெருங்கும் நிலையில் உள்ளவரே இதில் எளிதில் சிக்குகிறார்.

இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு: வேலை தரும் நேர்மையான நிறுவனம் வேலைக்குச் சேருபவரிடம் பணம் கேட்பதில்லை. பணம் கேட்கப்படும் அந்நொடியிலேயே உரையாடலை நிறுத்திவிடலாம். ஐயம் எழுந்தால், அந்நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அவ்வேலை அறிவிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். மின்னஞ்சல், நிறுவனத்தின் முகவரியிலிருந்து வந்ததா அல்லது எவரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய முகவரியிலிருந்து வந்ததா என்று காண வேண்டும். அழைத்தவரின் லிங்க்ட்இன் பக்கத்தில், அக்கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்பதைக் காணும் வசதி உண்டு. 15 ஆண்டு அனுபவம் உள்ளவராகக் கூறிக்கொள்பவரின் கணக்கு சென்ற மாதம் தொடங்கப்பட்டிருந்தால், அதுவே போதிய எச்சரிக்கை.

வெளிநாட்டு வேலையெனில் கூடுதல் எச்சரிக்கை தேவை. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்படுவது குறித்து, வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் அறிவுரை வெளியிட்டது. குடிபெயர்வுச் சட்டம், 1983இன்படி பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் உள்ளது. அவர்கள் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ.30,000; ஜி.எஸ்.டி. தனி.

மற்றொரு வகை மோசடியில் நம்மிடம் பணம் கேட்கப்படுவதில்லை, மாறாகத் தரப்படுகிறது. 'உங்கள் கணக்கில் வரும் தொகையை வேறொரு கணக்குக்கு மாற்றினால் கமிஷன்' என்பதே அவ்வேலை. அவ்வாறு வரும் பணம் பெரும்பாலும் வேறு யாரிடமிருந்தோ ஏமாற்றிப் பெற்றதாகவே இருக்கும். அதனை மாற்றித் தந்தவரின் கணக்கு முடக்கப்படுவதுடன், காவல்துறை விசாரணையையும் அவர் எதிர்கொள்ள நேரும். 'வேலை என்று நினைத்துச் செய்தேன்' என்னும் விளக்கம் முடக்கத்தை உடனே நீக்கிவிடாது. சம்பளம் வரும் கணக்கே முடங்கினால், வீட்டுத் தவணையும் பள்ளிக் கட்டணமும் அதனுடன் நின்றுபோகும்.

பணத்தை இழந்துவிட்டால் நாணித் தாமதிக்கலாகாது. உடனே 1930 என்ற எண்ணை அழைத்தும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் முறையிட வேண்டும்; வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்னர் தகவல் கிடைத்தால்தான் அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

காலாண்டுக்கு அரை மணி நேரம்

வேலை பறிபோன பின் அவசரமாக எழுதும் சுயவிவரத்தில் பதற்றமே தெரியும். ஆதலால் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாத இறுதிகளில் அரை மணி நேரம் ஒதுக்குவோம். அக்காலாண்டில் முடித்த பணி ஒன்றையும் கற்ற திறன் ஒன்றையும் சேர்ப்போம். பழைய தொடர்பு ஒருவருக்கு நலம் விசாரித்து எழுதுவோம். பிறந்த தேதி, கைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவை எவர் கண்ணிலும் படுமாறு உள்ளனவா என்று பார்த்து நீக்குவோம். நியமனக் கடிதம் ஏதேனும் ஐயத்தை எழுப்பினால், பணம் அனுப்பும் முன் அருகிலுள்ள கிளைக்கு வந்து எங்களிடம் காட்டலாம். அனுப்பிய பணத்தை மீட்டுத் தருவதைவிட, அனுப்பாமல் தடுக்க உதவுவதே எங்களுக்கு எளிது.